போளை உருளாத வீடு

மிஸி அன்ரி ஒரு வீட்டுக்குள் வந்தால் லேசில் உட்காரமாட்டார். வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, ஃபானையும் தட்டிவிட்டு, "இருங்கோ மிஸி, இருங்கோ" என்று எத்தனை தரம் கெஞ்சினாலும் சரி, வாசலுக்கு உள்ளே நின்று மூக்கைத் தூக்கி மூச்சை இழுப்பார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு கண்ணாடிப் போளையை எடுத்து நிலத்தில் வைப்பார். பிள்ளைகள் வளவில் குழி தோண்டி விளையாடுகிற அதே போளைதான், உள்ளே பச்சையாய் ஒரு இலை சுருண்டிருக்கும். அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். உருண்டுபோய் அலுமாரிக்குக் கீழே ஒளிந்துகொண்டால், நிலத்தில் படுத்து அதை எடுத்துக் கொடுப்பது கூடப்போன என் வேலை.

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற தாதிமாரை மிஸி என்றுதான் சொல்வோம். அவர் பென்ஷன் எடுத்து எத்தனையோ காலம். ஆனால் அன்புவழிபுரம் முழுக்க அவர் மிஸிதான். நான் மட்டும் உறவுக்கு ஒரு அன்ரியையும் சேர்த்துக்கொண்டேன். அவருடைய சொந்தப் பெயரை யாராவது சொன்னால் அது யார் என்று எங்கள் ஒழுங்கைச் சனமே யோசித்திருக்கும்.

நான் வேலை செய்கிற பாமசிக்குப் பிரஷர் குளிசை வாங்க வருவார். அங்கேதான் பழக்கம். திகதியைப் பார்ப்பார், அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், ஒவ்வொரு குளிசையாக விரலால் தடவிப் பார்ப்பார். ஒருமுறை, ஒரு குளிசையின் ஓரம் தேய்ந்திருக்கிறது என்று முழு அட்டையையும் திருப்பித் தந்தார். அவரைத் தூரத்தில் கண்டாலே எங்கள் முதலாளி உள்ளே கணக்குப் பார்க்கப் போய்விடுவார். எனக்கும் முதலில் எரிச்சல்தான். பழகப் பழக, இந்த மனிசிக்கு எதையும் "சரி" என்று விட ஏலாது, அது அவரோடு பிறந்த நோய் மாதிரி ஒரு வருத்தம் என்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிடித்துப்போனது.

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் மேசன் இல்லை, மரவேலை ஓடாவியும் இல்லை. ஆனால் வார்ட்டில் நோயாளியைப் பார்த்த கண்ணாலேயே வீட்டையும் பார்ப்பார். "வீடு விக்கிறவன் வீட்டைக் காட்டுவான் பிள்ளை, வருத்தத்தைக் காட்டமாட்டான். அதை நாங்கள்தான் தேடவேணும்" என்பார். அவருடைய தீர்ப்புகள் மூன்றே வகை. "வேண்டாம்" என்றால் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். "யோசி" என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். "சமாளிக்கலாம்" என்றால் நல்ல நாள் பார்க்கலாம். நல்ல வீடு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

நானும் என் கணவரும் முதலில் பார்த்த வீட்டில், நடு அறையின் ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்றில் மினுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த நிறமே பிடித்துவிட்டது. மிஸி அன்ரி அந்தச் சுவருக்குக் கன்னத்தை வைத்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ற் அடிச்சிருக்கெண்டா அந்தச் சுவருக்குத்தான் வருத்தம். வேண்டாம்."

விட்டுவிட்டோம். அதை வாங்கியவர்கள் அடுத்த மாரி மழையில் அந்தச் சுவர் ஊறி, அறையிலிருந்து கட்டிலை வெளியே எடுத்துப் போட்டார்கள். நாங்கள் இப்போது இருப்பது ஒரு "சமாளிக்கலாம்" வீடு. இன்றுவரை சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எல்லா இடத்திலும் அது நல்லபடியாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குடிபூரலுக்கு அவரை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். பால் காய்ச்சிப் பொங்கி, சனம் பந்தியில் இருந்த நேரம் அது. கைகழுவப் போனவர் குசினிக் கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கைப்பையிலிருந்து கம்பளி பின்னுகிற ஊசியை எடுத்து நிலையில் ஒரு குத்து. ஊசி பாதிக்கு மேலே உள்ளே போனது. வெளியே இழுத்ததும் மா மாதிரித் தூள் கொட்டியது. வீட்டுக்காரப் பெண் பாயசக் கிண்ணத்தோடு நின்று அதைப் பார்த்தாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. கட்டி முடித்து, கடன் எடுத்து, உறவைக் கூப்பிட்டுக் குடிபுகுந்த நாளில் அதைக் காட்டத்தான் வேண்டுமா? வரும் வழியில் நான் கேட்டேன்.

"தெரிஞ்சும் சொல்லாம வர எனக்கு ஏலாது பிள்ளை" என்றார். கொஞ்ச தூரம் போய், "நாளைக்குச் சொல்லியிருக்கலாம் என்ன?" என்று அவரே கேட்டார். அந்த வீட்டிலிருந்து பிறகு அவருக்கு ஒரு பலகாரத் தட்டும் வரவில்லை.

கலியாணம் பேசி வந்த மாப்பிள்ளைமாரையும் இப்படித்தான் தட்டிப் பார்த்திருப்பார் என்று ஒழுங்கையில் ஒரு பகிடி இருந்தது. அவர் காதிலும் அது விழுந்திருந்தது. "ஓம், தட்டிப் பாத்தனான்தான். ஒண்டிலயும் சத்தம் சரியில்லை" என்று சிரித்தார்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவர் இருந்தது வாடகை வீட்டில். ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும். மாரியில் முகட்டு ஓட்டால் தண்ணீர் சொட்டும், அதற்குக் கீழே ஒரு பேசின் வைப்பார். படுக்கிற அறையில் சுவரோரமாக மட்டைப்பெட்டிகள் முகடு முட்ட அடுக்கியிருந்தன. எல்லாம் ரேப் ஒட்டி மூடிய பெட்டிகள். ஒன்றில் அவர் வேலையிலிருந்து விலகும்போது கூட வேலை செய்தவர்கள் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பை செற், நீலப் பூப் போட்டது. இன்னொன்றில் யன்னல் சீலைத் துணி. எதையும் பிரித்ததில்லை. "என்ர வீட்டுக்குப் போனாப் பிறகு பிரிப்பம்" என்பார். வெடிப்பு விழுந்த கோப்பையில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துகொண்டுதான் அதைச் சொல்வார். சொந்தமாய் ஒரு வீடு, அதில் அந்தப் பெட்டிகளைப் பிரித்து வைக்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகத் தூரத்தில் இருக்கிற திரியாய்வரைக்கும் போய் வீடு பார்த்திருக்கிறார். பார்த்த எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு வருத்தம் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் குத்தி வீடு விலைக்கு வந்தது.

உட்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு பழைய வீடு அது. மரம் விற்கிற மரக்காலை வைத்திருந்த ஒருவர், விற்க மனம் வராத, அறுக்காத பாலைமரக் குத்திகளை எல்லாம் சேர்த்து வைத்துத் தனக்கென்று கட்டியது. சுவர் என்று தனியாக இல்லை. முழு முழுக் குத்திகளைக் கிடையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, மூலைகளில் ஒன்றை ஒன்று கவ்வ விட்டிருந்தார்கள். இடுக்குகளில் தும்பும் தாரும் அடைத்தது வள்ளம் கட்டுகிற ஆட்கள். ஊரில் அதற்குக் குத்தி வீடு என்றுதான் பெயர். மரக்காலைக்காரரின் பிள்ளைகள் ஜெர்மனியில். வந்து இருக்கப்போவதில்லை, விற்றுவிடச் சொல்லிவிட்டார்கள்.

கனடாவில் இருக்கிற என் அண்ணனுக்கு யாரோ படம் அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்குத் தலைகால் தெரியவில்லை.

"எடியே, இஞ்ச உப்பிடி வீடுகளிலதான் சனம் லீவுக்குப் போய் நிக்கிறது. ஆனா பழைய குத்தி வீடு வாங்கிறதெண்டா கவனமாப் பாக்க வேணும். இஞ்ச அதுக்கெண்டு ஒரு ஆள் வந்து பாத்துச் சொல்லுவார்."

"இஞ்சயும் ஆள் இருக்கு" என்றேன்.

"மிஸியோ? அவ வேண்டாமெண்டு சொன்னாப் போச்சு" என்று சிரித்தான். ஆனாலும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான்.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு பகல் ஓட்டோ பிடித்துப் போனோம். படலைக்குப் பக்கத்தில் இரண்டு மான்கள் செவ்வரத்தைச் செடியை மேய்ந்துகொண்டு நின்றன. எங்களைக் கண்டும் அசையவில்லை. புரோக்கர் ஹெல்மெற்றைக் கையில் கொழுவிக்கொண்டு ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்கோ மிஸியம்மா, உள்ளுக்குத்தான் வடிவு."

"வடிவைப் பிறகு பாப்பம். முதல் காலைப் பாப்பம். வார்ட்டுக்கு வாற ஆளையும் நான் முதல் காலில இருந்துதான் பாக்கிறனான். முகத்துக்கு எல்லாரும் பவுடர் போடுவினம், காலுக்கு ஆர் போடுறது?"

வீட்டை வெளியால் சுற்ற ஆரம்பித்தார். அடிக்குத்தி கருங்கல் வரிசைமேல் இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, குத்திக்கும் மண்ணுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போனது. "மண் தொட்டா மரம் அடியால தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கும்" என்றார். கறையான் மண் கோடு இழுத்திருக்கிறதா என்று கல்லுகளை ரோச் அடித்துப் பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். கடல் பக்கத்து அடிக்குத்தியில் சாண் சாணாக ஊன்றி அழுத்திக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் முனை மட்டும் பதிந்தது.

"மிஸியம்மா, நீங்கள் ஓட்டை போட்டே வீட்டை விழுத்திப்போடுவியள்" என்றார் புரோக்கர்.

"உங்கட வீடெண்டா விழும்" என்றார் மிஸி.

குடைப்பிடியால் குத்திகளைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். டொக், டொக் என்று கல்லைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வந்தது. மூலைகளில் வெளியே நீட்டிக்கொண்டு நின்ற குத்தித் தலைகளைத் தடவினார், மழைத் தண்ணீரை முதலில் உறிஞ்சுவது அந்த வெட்டுமுகம்தானாம். அதையும் அந்த மரக்காலைக்காரர் சரிவாகச் சீவித் தாரும் பூசி வைத்திருந்தார். குத்திகளில் நீளமாக வெடிப்புகள் இருந்தன. நான் அதைத் தொட்டுக் காட்டினேன்.

"அது காயேக்க வெடிச்சது. மேல பாத்த வெடிப்பெண்டா தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதுதான் கூடாது. இதெல்லாம் கீழ பாத்துக் கிடக்கு. அந்த மனிசன் பிரட்டிப் பாத்து வைச்சிருக்கிறார்." அவர் குரலில் ஒரு மரியாதை வந்திருந்தது. தாவாரம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டியிருந்ததையும், மழை தெறித்த கறை கல்லோடு நின்றுவிட்டதையும் எனக்குக் காட்டினார். வண்டு துளைத்த ஓட்டைகள் சில இருந்தன. அவற்றைத் துடைத்துவிட்டு, நேர் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து நாலு பக்கமும் கல்லு வைத்தார். பிறகு ஒருநாள் வந்து பார்த்தோம். துணியில் மரத்தூள் இல்லை. மான் புழுக்கைதான் இருந்தது.

உள்ளே போனதும் மூச்சை இழுத்தார். பூட்டிக் கிடந்த வீடுகளில் ஒரு முடை நாற்றம் இருக்குமே, அது இல்லை. தாரும் உப்பும் கலந்த ஒரு மணம் மட்டும். சுவர் அலுமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு மணந்தார். யன்னலை ஒரு விரலால் தள்ளினார், சத்தமில்லாமல் திறந்தது. "மரம் மாரியில ஊதும், கச்சானில சுருங்கும். யன்னலுக்கு மேல இடைவெளி விடாமக் கட்டினா இறுகிப்போகும்" என்று சொல்லிக்கொண்டே மேலே தடவினார். இடைவெளி விட்டிருந்தது. கூரைக்கு ஏணி வைத்து என்னைத்தான் ஏற்றினார். வளை மரங்களில் ஆணிகள் கறுத்திருந்தனவே தவிர, துருப்பிடித்து உதிரவில்லை.

கடைசியாகப் போளை. நடு அறையில் நிலத்தில் வைத்தார். நின்றது. மற்ற அறையில் வைத்தார். நின்றது. விறாந்தையில், குசினியில், எல்லா இடத்திலும் நின்றது. திரும்ப நடு அறைக்கு வந்து வைத்து, விரலால் மெல்லச் சுண்டினார். கொஞ்ச தூரம் போய், எங்கே போவதென்று தெரியாத மாதிரி நின்றுவிட்டது.

மிஸி அன்ரி விறாந்தைக்குப் போய் அங்கே கிடந்த நீட்டு மர வாங்கில் உட்கார்ந்தார். வாங்கப் போகிற வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரோக்கர் பொறுமை இழந்து தொண்டையைச் செருமினார்.

"என்ன அன்ரி?" என்றேன்.

"நல்ல வீடு."

புரோக்கரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

அன்று மாலை அண்ணனுக்குச் சொன்னேன். சந்தோசப்படுவான் என்று பார்த்தால், சந்தேகப்பட்டான்.

"மிஸி அப்பிடியோ சொன்னவ? ஒரு குறையும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அவ வடிவாப் பாக்கேல்லை. வயசு போட்டுதெல்லே, கண் தெரியேல்லைப் போல. குறை இல்லாத பழைய வீடு எங்கயடி இருக்கு? வேண்டாம், விடு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "சமாளிக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அடுத்த கிழமையே காசு அனுப்பியிருப்பான். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதுதான் அவனைப் பயப்படுத்திவிட்டது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றிலும் பழுது சொன்ன ஒரு மனிசி ஒருமுறை மனம் திறந்து பாராட்டினார், அதை நம்ப ஒருவருமில்லை. அண்ணன் என்று பார்க்காமல் அன்று நன்றாக ஏசினேன்.

மிஸி அன்ரியிடம் இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றவர் முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அப்ப உன்ர அண்ணா எடுக்கேல்லை."

"ஓம் அன்ரி."

"பிள்ளை, அந்த வீட்டை நான் எடுத்தா என்ன?"

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. அவரிடம் வேலை முடிந்தபோது வந்த காசும் காணி விற்ற காசும் பாங்கில் அப்படியே கிடந்தது. "எடுங்கோ அன்ரி, நாளைக்கே எடுங்கோ" என்றேன். அன்று அவர் நீலப் பூக் கோப்பைப் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, அந்தச் சுவர் அலுமாரியின் நடுத்தட்டில் அவற்றை வைக்கலாம் என்றும், யன்னல் சீலைத் துணி காணும் என்றும் கதைத்தார். அப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. ஒரு கலியாணப் பெண்ணின் கதை மாதிரி இருந்தது.

ஆனால் வாங்கவில்லை. முதல் மழைக்குப் பிறகு ஒருக்காப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம், சுவர் உள்ளே காய்ந்து கிடந்தது. காணி உறுதியை நொத்தாரிசிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டினோம், சுத்தமாக இருக்கிறது என்றார் அவர். கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று பார்க்க வேண்டும் என்றார். போத்தலில் அள்ளி வந்து சோறும் காய்ச்சிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் போளை நின்ற இடத்தில் நின்றது, ஊசி முனையோடு நின்றது. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது அவருடைய முகம் இன்னும் வாடியிருந்தது. சில நாட்களில் எனக்குச் சொல்லாமலும் போயிருக்கிறார் என்று புரோக்கர் சொன்னார். "தங்கச்சி, உங்கட மிஸியோட எனக்கு ஏலாது. வீட்டில குறை இல்லையெண்டு சொல்லுறா, வாங்கவும் மாட்டன் எண்டுறா."

மழை விட்டிருந்த ஒரு பின்னேரம் இறங்குதுறைப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"இன்னும் என்னத்தைப் பாக்கப் போறீங்கள் அன்ரி?"

அவர் நின்றார். குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர்க் கரை மங்கலாகத் தெரிந்தது. குடையால் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"எங்கட கட்டைபறிச்சான் வீட்டுக்கும் ஒரு குறை இல்லை. அப்பா பாத்துப் பாத்துக் கட்டினது. முதிரை நிலை, முதிரைக் கதவு, பூட்டினா ஒரு காத்தும் வராது. சண்டைக்குப் பயந்து சனம் ஓடேக்க நாங்களும் வெளிக்கிட்டனாங்கள். அம்மா கதவைப் பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில முடிஞ்சவ. பிறகு நான் போய்ப் பாத்தனான். அத்திவாரம் கிடந்தது. கதவில்லை, நிலை இல்லை, ஒரு ஓடு இல்லை. அம்மா சாகுமட்டும் அந்தத் திறப்பை வைச்சிருந்தவ."

குடையை இறக்கி நிலத்தில் ஊன்றிக்கொண்டார்.

"அதுக்குப் பிறகு நான் இருந்த எல்லா வீட்டிலயும் முதல் ஒரு குறையைக் கண்டுபிடிச்சு வைச்சிடுவன். முகடு ஒழுகும், நிலை உளுத்திட்டுது, ஏதோ ஒண்டு. குறை தெரிஞ்ச வீட்டை விட்டிட்டு வெளிக்கிடுறது லேசு பிள்ளை."

"இப்ப ஆர் அன்ரி எங்களை ஓடச் சொல்லப் போகினம்?"

"ஒருத்தரும் இல்லை. எனக்கும் தெரியும்" என்றார். கொஞ்சம் நடந்தபின், "இந்த மாரி முடியட்டும். வாடைக் காத்துக்கு மழை கடல் பக்கத்தால சாய்ஞ்சு அடிக்கும். அதுக்கும் அடிக்குத்தி நிண்டிட்டுதெண்டா உறுதி எழுதுவம். சத்தியமா" என்றார்.

அடிக்குத்தி நின்றது. மாரி முடிவதற்குள் வீடு போய்விட்டது. பாமசிக்குத் தலையிடிக் குளிசை வாங்க வந்த புரோக்கர்தான் சொன்னார். கொழும்பிலிருந்து ஒரு புருசன் பெண்சாதி வந்தார்களாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, விறாந்தையில் நின்று படம் எடுத்து, தேத்தண்ணி குடித்து, இருட்ட முதல் விலை பேசிக் கை கொடுத்துவிட்டார்களாம்.

அன்று வேலை முடிந்து நேரே மிஸி அன்ரியிடம் போனேன். பேசினுக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொன்னேன்.

"அடிக்குத்தியைப் பாத்தவையோ?"

"இல்லையாம்."

"கூரையில ஏறிப் பாத்தவையோ?"

"இல்லை அன்ரி. சும்மா சுத்திப் பாத்தவையாம்."

பேசின் நிரம்பியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே ஊற்றிவிட்டு வந்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"அப்ப அவைக்கு அந்த வீட்டில விருப்பம் போல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருடைய வீட்டையும் பார்க்கப் போகவில்லை. கேட்டு வந்தவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொன்னார். பாமசியில் குளிசை அட்டையை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு போனார். முதலாளிக்கு நிம்மதி. எனக்கு அழுகை வரும். திகதி முடிந்ததைக் கொடுத்தாலும் பேசாமல் கொண்டுபோயிருப்பார் என்று தோன்றும். அதனால் அவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு அட்டையையும் நானே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

போன வருசம் காலமானார். கடைசி நாட்களில் தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். ஒருநாள் மட்டும் பழைய மிஸியாக, இந்தக் கட்டிலின் ஒரு சில்லு ஆடுகிறது, யாராவது விழப்போகிறார்கள் என்று கையைக் காட்டினார். குனிந்து பார்த்தோம். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பெட்டிகளை வீட்டுக்கார அக்காவும் நானும் பிரித்தோம். நீலப் பூக் கோப்பைகள் ஒன்றுகூட உடையாமல் இருந்தன. ஒரு வாய் தேத்தண்ணியும் காணாத கோப்பைகள். முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். போளையை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த ஆவணியில் அண்ணன் குடும்பத்தோடு வந்தான். தங்குவதற்கு இன்ரநெற்றில் ஒரு இடம் பிடித்திருந்தான். எந்த இடம் என்று கேட்டால், அதே குத்தி வீடு. கொழும்புக்காரர் அதை வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்களாம். நான் போனபோது அண்ணன் விறாந்தை வாங்கில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"நல்ல வீடடி. விட்டிட்டம் என்ன?" என்றான். நான் நடு அறைக்குப் போய்ப் போளையை வைத்தேன். அசையாமல் நின்றது. அண்ணனின் மகள் அதை விளையாடக் கேட்டாள், கொடுக்கவில்லை.

வெளியே இறங்கிக் கடல் பக்கமாகச் சுற்றிப் போனேன். குந்திப் பார்த்தேன். அடிக்குத்தி முழுக்க, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைவரைக்கும், ஊசி குத்தின புள்ளிகள். நான் கூட நின்று பார்த்தது சாணுக்கு ஒன்றுதான். இது நெருக்கமாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மேலும் கீழுமாக எத்தனையோ இருந்தன. ஒன்றாவது ஆழமாக இல்லை. தனியே வந்து, இந்த மண்ணில் முழங்காலை ஊன்றி, ஒரு இடத்திலாவது ஊசி உள்ளே போகாதா என்று தேடியிருக்கிறார். ஒரு குறையைக் கண்டிருந்தால் நிம்மதியாக வாங்கியிருப்பார்.

வளவு பார்க்கிற ஐயா விளக்குமாற்றோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அது ஏதோ பூச்சி அரிச்சிருக்கு பிள்ளை. முதலாளி மருந்து அடிக்கச் சொல்லிப்போட்டார்."

"பூச்சி இல்லை ஐயா" என்றேன். "இந்த வீட்டை வாங்க இருந்த ஒரு மிஸி."

அவருக்கு விளங்கவில்லை. மருந்து அடிக்கிற ஆட்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள், அதுமட்டும் அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவேண்டாம் என்றார்.